அரை இடம்

வால்பராய்சோவின் சரிவில் எங்கள் மருத்துவமனை.
கீழே துறைமுகம், மேலே தகர வீடுகள்,
நடுவே மேட்டை வெட்டிய மூன்று தளங்களில்
இருநூற்றுப் பன்னிரண்டு கார்களுக்கு இடம்.
கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள்
அறுநூற்று நாற்பது பேர்.

"கணக்கே முடிவு சொல்லட்டும், ஹிமேனா.
கணக்கை யாரும் திட்டமாட்டார்கள்"
என்றார் நிர்வாகி.
அவர் கார் நிற்பது கூரைக்கு அடியில்.

ஆளுக்கு ஒரு வரிசை, இடத்துக்கு ஒரு பத்தி.
கட்டத்துக்கு ஒரு மாறி.
ஒன்று என்றால் உண்டு,
பூஜ்ஜியம் என்றால் பேருந்து.
நடுவில் எதுவும் கூடாது என்று
நான்தான் ஒரு வரி சேர்த்தேன்.
அரைக் காரை எங்கே நிறுத்துவது?

பிறகு நிபந்தனைகள்.
ரத்த வங்கி வண்டிக்கு வாசலோரம்.
பிணவறைக் கதவுக்கு எதிரே
எந்நேரமும் ஒன்று காலி.
முழங்கால் மாற்றிக்கொண்ட எக்ஸ்ரே எலாதியோவுக்கு
படி இல்லாத தளம்.
முப்பத்தொன்றில் ஒரு நாய் தூங்கும்.
காவலர் நொல்பெர்த்தோ கறாராகச் சொன்னார்:
"இங்கே அது உனக்கு சீனியர்."
அதையும் எழுதினேன்.
முப்பத்தொன்று யாருக்கும் இல்லை.

நாற்பது நிமிடம் கணினியின் விசிறி இரைந்தது.
தீர்வு வந்தது.
இதைவிட நல்லது கிடையாது என்று
திரையே சான்று சொன்னது.
என் பெயருக்கு நேரே பூஜ்ஜியம்.
இரண்டு முறை சரிபார்த்தேன்.
மூன்றாவது முறை
எனக்கே வெட்கமாக இருந்தது.

திங்களன்று பட்டியலை ஒட்டினேன்.
எனக்கும் பேருந்துதான்.
கைப்பிடியில் தொங்கியபடி மேடேறி வந்து
மூச்சு வாங்க நின்ற ஒரு காலையில் பார்த்தேன்:

ஆறு ஐம்பது.
நாற்பத்தேழில் இருந்து
குறைமாதக் குழந்தைகள் பிரிவின் யாஸ்னா
காரைப் பின்னுக்கு எடுக்கிறாள்.
இரவெல்லாம் விழித்த கண்கள்.
அவள் பின்னால், எஞ்சினை அணைக்காமல்,
சமையற்கூட ரொசாமெல்.
என் பட்டியலில் அவன் பூஜ்ஜியம்.
அவள் விலகினாள், அவன் நுழைந்தான்.
ஜன்னலுக்கு ஜன்னல்
துணியில் சுற்றிய சூடான ரொட்டி கைமாறியது.

நொல்பெர்த்தோவின் கூண்டுக்குப் போனேன்.
எதையோ செய்தித்தாளுக்கு அடியில் செருகினார்.
நான் போகவில்லை.
அவர் எடுத்து வைத்தார்.
காபிக் கறை படிந்த ஒரு தாள்,
பென்சிலில், அழித்து அழித்து மேல் எழுதி:
ஐம்பத்திரண்டு, மருத்துவர் அராவேனா
செவ்வாய் வரமாட்டார், ஆய்வகப் பெண் நிறுத்தலாம்.
பதினெட்டு, மாலை நாலு வரை ஒருவர்,
நாலரைக்கு மேல் அவர் மச்சான்.
எண்பதின் எதிரே "சண்டை" என்று மட்டும்.

எண்ணிப் பார்த்தேன்.
நான் கொடுத்தது இருநூற்று ஒன்பது பேருக்கு.
தாளில் இருந்தது
இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு.

முழு எண் என்ற கட்டாயத்தைத் தளர்த்தினால்
விடை ஒருபோதும் மோசமாகாது.
தேர்வில் இதை எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

நிர்வாகி கொதித்தார்.
"இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறார்களே!
நிறுத்து இதை."
மடம் அவருடையதா என்று கேட்க வந்தது,
கேட்கவில்லை.
மேசைக்குத் திரும்பி
அந்த ஒரு வரியை அழித்தேன்.
நாளைக் கூறு போட்டு, மணிக்கு ஒரு பத்தியாக்கி
மறுபடி ஓட்டினேன்.
முந்நூற்று இரண்டு.
நொல்பெர்த்தோவைவிட எட்டு பேர் அதிகம் என்று
ஓடிப்போய்க் காட்டினேன்.
"எண்பதில் யார் யாரைப் போட்டிருக்கிறாய்?" என்றார்.
சொன்னேன்.
தலையை ஆட்டினார். முந்நூறு.

அப்புறம் காது மடலில் இருந்து பென்சிலை உருவி
தன் தாளில் என்னவோ எழுதினார்.
எட்டிப் பார்த்தேன்.
முப்பத்தொன்று: ஹிமேனா,
வெள்ளி மட்டும்.

"நாய்?"

"வெள்ளிக்கிழமை அது
மீன் இறங்குதுறைக்குப் போய்விடும்.
ஆறு மணிக்குத் திரும்பும்.
ஐந்தே முக்காலுக்கு எடுத்துவிடு."